ஓடுவோரும் ஊராரும் – நகர மாரத்தான் ஓட்டமும் மக்களின் மதிப்பீடும்

முன்னுரை

தெரு என்பது ஊரின் பொதுச்சொத்து. அதில் தேர் ஓடுகின்றது, ஊர்வலம் செல்கின்றது, மணவீட்டார் வண்டியும் இறுதிப் பயணமும் அதே வழியில் ஒன்றுக்கொன்று ஒதுங்கி இடங்கொடுத்துச் செல்கின்றன. இப்பொதுச் சொத்தைச் சில மணி நேரம் தமக்கெனக் கேட்டுப் பெறும் நிகழ்ச்சிகளின் வரிசையில், அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்திருப்பது நகர மாரத்தான் ஓட்டமாகும்.

மாரத்தானைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஓடுவோரைப் பற்றியே எழுதுகின்றனர். முதலில் வந்தவர் யார், எத்தனை மணி நேரத்தில் வந்தார் என்பனவே செய்தியாகின்றன. ஆயின் ஓடுவோர் ஆயிரவர் என்றால், அவர்களுக்கு வழிவிட்டு நிற்போர் பல்லாயிரவர். அவர்களுடைய கணக்கு வேறு. “எங்கள் தெருவைக் கொடுத்தோம், எங்கள் தெருவுக்கு என்ன வந்தது?” என்பதே அவர்கள் வினா. ஆண்டுதோறும் திரும்ப வரும் ஒரு நகர ஓட்டத்தை அந்நகர மக்கள் எவ்வாறு மதிப்பிடுகின்றனர், அம்மதிப்பீடு எவற்றைப் பொறுத்து அமைகின்றது என்பவற்றை, மதுரை மாநகரையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் மனத்திற்கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாரத்தான் வந்த வழி

கி.மு. 490இல் கிரேக்க நாட்டின் மாரத்தான் சமவெளியில் பாரசீகப் படை தோல்வியுற்றது. அவ்வெற்றிச் செய்தியைத் தூதுவன் ஒருவன் ஏதென்சு நகருக்கு ஓடிவந்து கூறி உயிர்நீத்தான் என்பது வழிவழி வந்த கதை. அக்கதையின் நினைவாக 1896இல் ஏதென்சில் நடைபெற்ற முதல் நவீன ஒலிம்பிக் போட்டியில் நெடுந்தொலைவோட்டம் ஒன்று சேர்க்கப்பெற்றது. கிரேக்க நாட்டவரான ஸ்பிரிடான் லூயி அதில் முதலிடம் பெற்றார். 1908ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் ஓடப்பெற்ற 42.195 கிலோமீட்டர் என்னும் தொலைவே 1921இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்குச் செல்லும் தொலைவை இஃது ஏறத்தாழ ஒத்ததாகும்.

நெடுங்காலம் இவ்வோட்டம் தேர்ந்த வீரர்க்கு மட்டுமே உரியதாக இருந்தது. 1970இல் நியூயார்க் நகரின் மையப் பூங்காவுக்குள் நடைபெற்ற முதல் ஓட்டத்தில் கலந்துகொண்டோர் 127 பேர். முடித்தோர் 55 பேர். 1976இல் அவ்வோட்டம் பூங்காவை விட்டு வெளியேறி நகரின் ஐந்து பெரும் பகுதிகளின் தெருக்களுக்குள்ளும் நுழைந்தது. அன்றுதான் இன்று நாம் அறிந்த நகர மாரத்தான் பிறந்தது எனலாம். வீரர் ஓட்டம் ஊரோட்டமாயிற்று. 1981இல் லண்டனும் 2004இல் மும்பையும் இவ்வழியில் சேர்ந்தன. தமிழகத்தில் சென்னை 2012 முதலும், கோயம்புத்தூர் புற்றுநோய் அறக்கட்டளைக்கு நிதி திரட்டும் நோக்குடன் 2013 முதலும் நகர மாரத்தான்களைக் கண்டு வருகின்றன. 2023 ஆகஸ்டு 6ஆம் நாள் சென்னையில் நடைபெற்ற கலைஞர் நினைவு மாரத்தானில் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். மதுரையிலும் உடல்நலம், கண்தானம், போதை ஒழிப்பு முதலிய நோக்கங்களை முன்னிறுத்தி 5 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் ஓட்டங்கள் நடைபெறுகின்றன. இவற்றை மக்கள் ‘மினி மாரத்தான்’ என்றே வழங்குகின்றனர்.

ஒருமுறை வந்து செல்லும் பெருவிழாவுக்கும் ஆண்டுதோறும் வரும் ஓட்டத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஒருமுறை வரும் விருந்தினரின் குறைகளை வீட்டார் பொறுத்துக்கொள்வர். ஆண்டுதோறும் வருபவரோ உறவினராக வேண்டும், இல்லையேல் சுமையாவார். இவ்விரண்டில் எதுவாவது என்பதை முடிவு செய்வது ஊராரின் மதிப்பீடே.

அறிஞர் அளக்கும் முறை

மக்களின் மதிப்பீட்டை அளந்தறியும் முயற்சிகள் சுற்றுலா ஆய்வுகளிலிருந்து தொடங்கின. டாக்சி என்னும் அறிஞர் 1975இல், வெளியாரின் வருகை பெருகப் பெருக உள்ளூர் மக்களின் மனநிலை நான்கு படிகளில் மாறும் என்றார். முதலில் மகிழ்ச்சி, அடுத்துப் பொருட்படுத்தாமை, பின்னர் எரிச்சல், இறுதியில் பகைமை. பிற்காலத்தார் இதனைச் சமூகப் பரிமாற்றக் கோட்பாட்டின் துணையால் திருத்தினர். மனிதர் தாம் கொடுப்பதையும் பெறுவதையும் சீர்தூக்கிப் பார்க்கின்றனர். பெறுவது மிகுதி எனக் கருதினால் ஆதரிப்பர், குறைவு எனக் கருதினால் எதிர்ப்பர் என்பது அக்கோட்பாட்டின் சாரம். 1992இல் ஜான் ஏப் என்பார் இதனைச் சுற்றுலா ஊர்களின் மக்கள் மனநிலையை விளக்கப் பயன்படுத்தினார்.

கொரிய நாட்டில் நடைபெற்ற ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயத்தை முன்னிட்டு 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, மக்கள் உணரும் சமூக விளைவுகளை ஆறு தலைப்புகளில் அடக்கிற்று. அவையாவன: பொருளாதார நன்மை, ஊர்ப்பெருமை, ஊர் வளர்ச்சி, பொருளாதாரச் செலவு, போக்குவரத்துத் தொல்லை, பாதுகாப்பு அச்சம். முதல் மூன்றும் வரவு. பின் மூன்றும் செலவு. பெரும் விளையாட்டு நிகழ்ச்சி எதனையும் இவ்வாறு தலைப்புகளிலும் நிறுத்திப் பார்க்கலாம்.

ஆஸ்திரேலிய நாட்டின் கோல்டு கோஸ்டு நகரில் தெருவில் நடத்தப்பெற்ற கார்ப் பந்தயத்தைக் குறித்து ஃபிரெட்லைன், ஃபாக்னர் ஆகிய இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு மற்றோர் உண்மையைக் காட்டிற்று. ஊர் மக்கள் என்போர் ஒரே குரலில் பேசும் ஒருவர் அல்லர். முழுமனத்தோடு ஆதரிப்போர், அடியோடு வெறுப்போர், நன்மை தீமை இரண்டையும் கண்டு இடைநிற்போர் எனப் பல குழுவினர். எனவே “மக்கள் என்ன நினைக்கின்றனர்?” என்னும் வினாவை “எந்த மக்கள் என்ன நினைக்கின்றனர்?” எனத் திருத்திக் கேட்பதே முறையாகும்.

மதுரைத் தெருவும் ஞாயிறு காலையும்

இத்திருத்தம் மதுரைக்கு மிகவும் பொருந்தும். நகரின் நடுவில் கோயிலைச் சூழ்ந்து ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என அடுக்கடுக்காக வீதிகள் அமைந்துள்ளன. வைகை நகரை வடகரை, தென்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. தென்கரையில் புகைவண்டி நிலையமும் பெரியார் பேருந்து நிலையமும் உள்ளன. வடகரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ளன. இவ்விரு கரைகளையும் இணைக்கும் பாலங்களுள் 1889இல் திறக்கப்பெற்ற ஆல்பர்ட் விக்டர் பாலம் முதன்மையானது. ஏ.வி. பாலம் என்று சொன்னால் அறியாத மதுரைக்காரர் இலர். இப்பாலத்தை இரண்டு மணி நேரம் மூடினால் நகரம் இரண்டாகின்றது. அகன்ற சாலைகள் பலவுள்ள புதிய நகரம் ஒன்றில் ஓட்டம் நடத்துவதும் மதுரையில் நடத்துவதும் ஒன்றாகா.

மதுரையைத் தூங்காநகரம் என்பர். பகலங்காடியும் இரவங்காடியும் இங்குச் செயற்பட்டமையை மதுரைக்காஞ்சி நாளங்காடி, அல்லங்காடி எனக் குறிக்கின்றது. ஆகவே ‘எவருக்கும் இடையூறில்லாத விடியற்காலை’ என்று ஒன்று இந்நகரில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை அலுவலகம் செல்வோருக்கு ஓய்வு நேரம், மற்றவர்க்கு அவ்வாறன்று. மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் பூவும் காய்கறியும் ஏற்றிய வண்டிகள் சுற்றுப்புற ஊர்களிலிருந்து வரும் நேரம் அது. இறைச்சிக் கடைக்காரர்க்கும் மீன் கடைக்காரர்க்கும் வாரத்தின் பெருவணிகம் அக்காலையில்தான். கிறித்தவ மக்கள் கீழவெளி வீதியிலுள்ள தூய மரியன்னை பேராலயம் முதலிய ஆலயங்களுக்குச் செல்லும் நேரமும் அதுவே. அதற்கும் முன்பே வைகறைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் செல்வோர் தெருவில் இறங்கிவிடுகின்றனர். தேநீர்க் கடைக்காரர், பால்காரர், செய்தித்தாள் இடுவோர், துப்புரவுப் பணியாளர் ஆகிய அனைவருக்கும் அது வேலை நேரம். ஓட்டம் முடிந்தபின் தெருவிற் கிடக்கும் தண்ணீர்க் குடுவைகளைப் பெருக்கும் கையும் அத்துப்புரவுப் பணியாளரின் கையே.

தேநீர்க் கடைக்காரருக்கு அன்று விற்பனை கூடலாம். சந்தைக்கு வரும் பூ வியாபாரிக்கு ஒரு மணி நேரத் தாமதத்தால் பூவின் விலை குறையலாம். ஒரே ஓட்டம், ஒரே தெரு. ஒருவர்க்கு வரவு, மற்றொருவர்க்குச் செலவு. வரவு பெறுபவரும் செலவு ஏற்பவரும் வெவ்வேறு மனிதராக இருப்பதே நகர ஓட்டம் குறித்து எழும் மனத்தாங்கலுக்கு முதற் காரணமாகும். நகர் முழுவதற்கும் கூட்டிக் கழித்து ‘நன்மையே மிகுதி’ என்று அமைப்பாளர் கூறுங்கால், அக்கணக்கில் இழந்தவரின் முகம் மறைந்துவிடுகின்றது.

மருத்துவமனைச் சாலை

செலவுகளுள் ஒன்றைத் தனியே எடுத்துக் கூறுதல் வேண்டும். அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் சிலர், 2002 முதல் 2012 வரை அந்நாட்டின் 11 நகரங்களில் பெரிய மாரத்தான் நடைபெற்ற நாள்களை ஆராய்ந்து 2017இல் தம் முடிவை வெளியிட்டனர். மாரடைப்பு, இதயத் துடிப்பு நிற்றல் ஆகியவற்றுக்காக மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட முதியோரை அவர்கள் கணக்கிட்டனர். முப்பது நாள்களுக்குள் இறந்தோர், மாரத்தான் நாள்களிற் சேர்க்கப்பட்டோருள் நூற்றுக்கு 28.2 பேர்; மற்ற நாள்களிற் சேர்க்கப்பட்டோருள் நூற்றுக்கு 24.9 பேர். மாரத்தான் நாள் காலையில் ஆம்புலன்சு மருத்துவமனையை அடைய, வழக்கத்தினும் சராசரியாக 4.4 நிமிடம் மிகுதியாயிற்று.

இறந்தவர்கள் ஓடியவர்கள் அல்லர். ஓட்டத்தோடு எத்தொடர்பும் இல்லாதவர்கள். உடல்நலத்திற்கென நடத்தப்பெறும் ஓட்டம் நோயாளியின் வழியை மறிக்கலாகாது. மதுரை அரசு இராசாசி மருத்துவமனை இந்நகருக்கு மட்டும் உரியதன்று. தேனி, திண்டுக்கல், விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்தும் உயிருக்குப் போராடும் நோயாளிகள் அதனை நாடி வருகின்றனர். கோரிப்பாளையம் வழியாக ஓட்டப்பாதையை வகுப்போர், முதலில் அம்புலன்சின் பாதையை வகுத்துவிட்டுப் பின்னரே ஓடுவோரின் பாதையை வகுத்தல் வேண்டும். வாடிப்பட்டியிலிருந்து ஆட்டோவில் வரும் கர்ப்பிணிப் பெண்ணுக்கு ஒலிப்பானும் சுழல்விளக்கும் இல்லை. தடுப்பருகே நிற்கும் தொண்டர் அவரையும் அடையாளங்கண்டு வழிவிட வேண்டும். இவ்வொரு செய்தியில் தவறினால் பிற நன்மைகள் அனைத்தும் மக்கள் மனத்தில் மதிப்பிழந்துபோகும்.

சித்திரைத் திருவிழா கற்பிக்கும் பாடம்

‘சில மணி நேரச் சாலை மறிப்பையே பொறுக்க மாட்டார்களா மதுரை மக்கள்? சித்திரைத் திருவிழாவில் நாள்கணக்கில் பொறுக்கின்றார்களே?’ என வினவுவாருமுளர். நல்ல வினா. கோயில் தேரோட்டமும், அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் வந்து வைகையில் இறங்கும் நிகழ்ச்சியும் பல இலட்சம் மக்களை நகருக்குள் கொணர்கின்றன. 2019இல் நாடாளுமன்றத் தேர்தல் வாக்குப்பதிவு தேரோட்ட நாளாகிய ஏப்பிரல் 18இல் அமைந்தபோது, மதுரைத் தொகுதிக்கு மட்டும் வாக்குப்பதிவு நேரம் இரவு 8 மணி வரை நீட்டிக்கப்பட்டது. தேர்தல் ஆணையமே திருவிழாவுக்கு இடங்கொடுத்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இப்பொறுமைக்குப் பத்தி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. எந்த விளையாட்டும் அவ்விடத்தைக் கோர இயலாது, கோரவும் கூடாது. ஆயின் வேறு காரணங்களும் உள. முதலாவது, நாள் முன்னரே தெரியும். சித்திரை முழுநிலவை ஒட்டி இது வரும் என்பதை எச்சமயத்தவரும் அறிவர். கடைக்காரர் அதற்கேற்பச் சரக்கு எடுப்பர், திருமண வீட்டார் அதற்கேற்ப நாள் குறிப்பர். இரண்டாவது, மண்டகப்படி என்னும் முறை. அழகர் வரும் வழியெங்கும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் உள்ளன. இவ்விடத்தில் வரவேற்பது இன்ன சமூகத்தார், இன்ன வணிகர், இன்ன குடும்பத்தார் என்னும் உரிமை வழிவழியாக வருகின்றது. நீர்மோர் கொடுப்பவர் ஒருவர், நிழற்பந்தல் இடுபவர் ஒருவர். தெருவில் வசிப்பவர் அங்கு வேடிக்கை பார்ப்பவர் அல்லர், விருந்தளிப்பவர். விருந்தளிப்பவர்க்குத் தொல்லை சுமையாகத் தோன்றுவதில்லை.

பழமையான திருவிழாவும் குறையற்றதன்று. 2022 ஏப்பிரல் 16இல் வைகையில் ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். நூற்றாண்டுகளின் பழக்கம் இருந்தும் கூட்டத்தை ஒழுங்குபடுத்துதல் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் செய்ய வேண்டிய பணி என்பதையே இது காட்டுகின்றது.

மாரத்தான் நடத்துவோர் திருவிழாவிலிருந்து கற்கக் கூடியது இதுவே. பாதையிலுள்ள தெருக்களை வெறும் பாதையாகக் கருதாமல் மண்டகப்படியாகக் கருத வேண்டும். இத்தெருவில் தண்ணீர் வழங்குவோர் இத்தெரு வணிகர் சங்கத்தார். அத்திருப்பத்தில் வழிகாட்டுவோர் அப்பகுதிப் பள்ளி மாணவர். செல்லூரில் கைத்தறித் துண்டு வழங்குவோர் அவ்வூர் நெசவாளர். பள்ளிவாசலோ ஆலயமோ இருக்குமிடத்தில் கழிப்பிடமும் நிழலும் தருவோர் அந்நிருவாகத்தார் எனப் பொறுப்புகளைப் பகிர்ந்தளித்தால், ‘அவர்கள் நடத்தும் ஓட்டம்’ என்பது ‘நம் தெருவில் நாம் வரவேற்கும் ஓட்டம்’ ஆகும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் பத்து அல்லது பதினொரு நாள் முன்னதாக வருவதையும், ஞாயிறு வழிபாட்டு நேரத்தையும், தேர்வுக் காலத்தையும், சித்திரை வைகாசி வெயிலையும் ஒருசேரப் பார்த்து நாள் குறிப்பது இப்பங்காளிகளைக் கலந்தால் எளிதாகும்.

வெளிநாட்டு நகரங்கள் மூன்று

ஊராரின் மனத்தை அறியாது நடந்தால் என்னாகும் என்பதற்கு நியூயார்க் சான்றாகின்றது. 2012 அக்டோபர் 29இல் சாண்டிப் புயல் அந்நகரைத் தாக்கிற்று. ஓட்டம் தொடங்கும் இடமாகிய ஸ்டேட்டன் தீவில் மட்டும் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நவம்பர் 4இல் நடைபெற வேண்டிய மாரத்தானைத் திட்டமிட்டபடி நடத்துவது என்றே மாநகரத் தலைவர் முதலில் முடிவு செய்தார். மின்சாரமின்றி மக்கள் இருளில் தவித்தபோது, மையப் பூங்காவில் ஓட்டத்தின் கூடாரங்களுக்கென மின்னாக்கிகள் நின்றன. அக்காட்சி மக்களின் சினத்தைத் தூண்டிற்று. நவம்பர் 2இல் ஓட்டம் கைவிடப்பட்டது. 1970இல் தொடங்கியது முதல் அவ்வோட்டம் நின்றது அதுவே முதன்முறை. நாற்பதாண்டுக் காலம் நகரின் பெருமையாக விளங்கியது, நான்கு நாள்களில் நகரின் மனத்தாங்கலாயிற்று. ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. ஓட வந்திருந்தோருள் நூற்றுக்கணக்கானோர் அந்த ஞாயிறன்று உணவும் உடையும் நிறைந்த பைகளை முதுகிற் சுமந்து ஸ்டேட்டன் தீவுக்குச் சென்று, துன்புற்ற வீடுகளுக்கு வழங்கினர். ஓடுவோரும் ஊராரும் அன்று ஒன்றாயினர்.

மற்றொன்று பாஸ்டன் நகரம். 1897 முதல் அங்கு மாரத்தான் நடைபெறுகின்றது. 2013 ஏப்பிரல் 15இல் முடிவுக்கோட்டருகே வெடித்த குண்டுகளால் மூவர் இறந்தனர். இருநூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். அச்சத்தால் அடுத்த ஆண்டு மக்கள் ஒதுங்கியிருக்கலாம். மாறாக, 2014இல் ஏறத்தாழ 36,000 பேர் பதிவு செய்தனர். பாதையின் இருபுறமும் மக்கள் வழக்கத்தினும் பெருந்திரளாக நின்றனர். நூறாண்டுக்கும் மேலாகத் தம் தெருவழியே வந்த ஓட்டத்தை அவர்கள் தம்முடையதாகக் கருதியிருந்தனர். ஆகவே அதன் துன்பத்தையும் தம்முடையதாகவே கொண்டனர்.

லண்டன் நகரம் மற்றொரு நல்வழியைக் காட்டிற்று. ஓட்டம் தொடங்கிய 1981ஆம் ஆண்டிலேயே அதனுடன் ஓர் அறக்கட்டளையும் நிறுவப்பெற்றது. ஓட்டத்தின் மிச்சத்தொகை விளையாட்டுத் திடல்களுக்கும் உடற்பயிற்சி வசதிகளுக்கும் அதன் வழியே சென்று சேர்கின்றது. தெருவைக் கொடுத்த ஊருக்கு ஒரு திடல் திரும்பி வருகின்றது. கைமாற்றாகக் கொடுத்த பொருள் கணக்கோடு திரும்பி வந்தால், அடுத்த ஆண்டும் கொடுக்கக் கை நீளுமன்றோ?

சுற்றுப்புற ஊர்களும் மகளிரும்

மதுரை நகரின் ஓட்டம் மதுரை நகரோடு நின்றுவிடுவதில்லை. மேலூர், திருமங்கலம், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்து ஊர்களில் விடியற்காலையில் சாலையோரம் ஓடும் இளைஞர்களைக் காணலாம். அவர்கள் ஓடுவது பதக்கத்திற்கன்று. காவலர் தேர்விலும் படைக்கு ஆள் எடுக்கும் தேர்விலும் வெல்வதற்கு. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்திற்குள் ஓடி முடித்தல் வேண்டும். நகரத்தில் உடல்நலத்திற்காகக் கட்டணம் செலுத்தி ஓடுவோரும், சிற்றூரில் வேலைக்காகச் சரக்குந்துகளுக்கு நடுவே ஓடுவோரும் ஒரே விடியலில்தான் ஓடுகின்றனர். நகர மாரத்தான் இவ்விளைஞர்க்கு மறுக்கும் ஒன்றாகப் பதிவுக் கட்டணம் அமைந்தால், அவர்கள் அதனை வசதி படைத்தோர் விழா என்றே கருதுவர். சிற்றூர் இளைஞர்க்குக் கட்டணச் சலுகையும், ஒன்றியந்தோறும் ஓடுவதற்கு ஒரு மண் பாதையும் கிடைக்குமாயின் அதுவே ஓட்டம் விட்டுச்செல்லும் பெருஞ்சொத்தாகும்.

மகளிர் நிலையும் எண்ணத்தக்கது. 1966இல் பாபி கிப் என்னும் பெண் பாஸ்டனில் அனுமதியின்றி ஓடினார். 1967இல் கேத்ரின் சுவிட்சர் எண் பெற்று ஓடியபோது, ஓட்ட அலுவலர் ஒருவர் அவரைப் பிடித்து வெளியேற்ற முயன்றார். 1972இல்தான் அங்கு மகளிர் முறையாக ஏற்கப்பட்டனர். ஒலிம்பிக்கில் மகளிர் மாரத்தான் 1984இல் இடம்பெற்றது. மேலை நாட்டிலும் மனமாற்றம் உடனே வந்ததன்று. ஆண்டுதோறும் ஓட்டம் வர, ஆண்டுதோறும் பெண்கள் ஓட, பார்த்துப் பார்த்தே ஊர் பழகிற்று.

மதுரைக்கருகிலுள்ள சக்கிமங்கலத்தில் பிறந்து, பெற்றோரை இழந்து, கூலி வேலை செய்த பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்து, காலணியின்றி ஓடத் தொடங்கிய ரேவதி வீரமணி, 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் கலப்புத் தொடரோட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார். அவருடைய ஓட்டம் மாரத்தான் அன்று, 400 மீட்டர். ஆயினும் ‘பெண்பிள்ளைக்கு ஓட்டம் எதற்கு?’ என்னும் வினாவுக்கு அவ்வூர் தந்த விடை அது. பெண்மக்களை அனுப்பும் பெற்றோர் கேட்பன பெரியன அல்ல: விடியற்காலையில் அச்சமின்றி வந்து செல்லும் வழி, உடைமாற்றத் தனியிடம், அவரவர் மரபுக்கேற்ற உடையில் ஓடும் உரிமை. இம்மூன்றையும் அமைப்பாளர் உறுதி செய்தால், தயங்கி நிற்கும் வீடுகளின் பெண்களும் தெருவிற்கு வருவர்.

மாணவர்க்கு ஒரு களப்பணி

இவை அனைத்தையும் ஊகமாக விடாது ஆராய்ந்தறிதல் நம் கல்லூரி மாணவர்க்கு இயலாததன்று. ஓர் ஓட்டத்தின் பாதையை வரைந்துகொண்டு, அதிலுள்ள தெருக்களையும் அதிலில்லாத தெருக்களையும் சம அளவில் தெரிவு செய்தல் வேண்டும். முடிவுக்கோட்டருகே மகிழ்ந்து நிற்போரை மட்டும் வினவினால் விடை ஒருபாற் கோடும். கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், இல்லத்தரசியர், முதியோர், துப்புரவுப் பணியாளர் ஆகியோரை அவரவர் இடத்திலேயே சென்று காணுதல் வேண்டும். ஓட்டத்திற்கு ஒரு மாதம் முன்னும், முடிந்த வாரத்திலும், ஆறு மாதம் கழித்தும் என மும்முறை வினவினால், ஆரவாரம் எது, நிலைத்த பயன் எது என்பது தெரியும்.

வினாக்கள் எளிய தமிழில் அமைதல் வேண்டும். “சாலை மூடப்படும் என்று உங்களுக்கு முன்னரே யார் சொன்னார்கள்?”, “அன்று உங்கள் வரும்படி கூடியதா, குறைந்ததா?”, “உங்கள் வீட்டில் எவரேனும் அதன்பின் நடக்கவோ ஓடவோ தொடங்கினரா?”, “குறை கூற வேண்டுமாயின் யாரிடம் செல்வீர்கள்?”, “அடுத்த ஆண்டும் வரட்டும் என்பீர்களா?” என்பன போல்வன. இவற்றுள் நான்காம் வினாவே மிக முதன்மையானது. குறை சொல்ல ஓர் இடமும், கேட்க ஒருவரும் இருந்தால் எரிச்சல் பகைமையாக வளர்வதில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், நகர மாரத்தானை மக்கள் மதிப்பிடுவது வரவு செலவுக் கணக்கினால் மட்டும் அன்று என்பது பெறப்படும். தம்மை முன்னரே கலந்தனரா, தமக்கு ஒரு பங்கு தந்தனரா, தம் இழப்புக்கு விடை கூறினரா என்னும் மூன்றும் அக்கணக்கினும் மேலாக நிற்கின்றன. இம்மூன்றும் அமைந்த ஊரில் தொல்லையும் பெருமையாகும். அமையாத ஊரில் நன்மையும் சுமையாகும்.

மதுரைத் தெருக்கள் பல நூற்றாண்டுகளாகப் பலரை வரவேற்றுப் பழகியவை. விடிவதற்கு முன்னே ஓட வரும் இளைஞனுக்கும் அவை இடந்தரும். அவன் ஓடும் பாதையில் ஒரு நோயாளியின் வண்டி தடையின்றிச் செல்லவும், ஒரு பூக்காரியின் கூடை வாடாமல் சந்தை சேரவும், தெருவைப் பெருக்குபவர்க்கு ஒரு நன்றிச் சொல்லும் உரிய கூலியும் கிடைக்கவும் வழிசெய்தால், ஆண்டுதோறும் வரும் அவ்வோட்டத்தை மதுரை மக்கள் தம் ஊர் விழாக்களுள் ஒன்றாக ஏற்றுக்கொள்வர் என்பதில் ஐயமில்லை.